மாகாணத்தின் சம்மதம்

நாடு ஒற்றையாட்சியை விட்டுக் கூட்டாட்சிக்கு மாறப்போகிறது என்று வானொலியில் சொன்ன அன்று, அந்த மாகாணப் பள்ளிப் பராமரிப்பு அலுவலகமே ஆட்டம் போட்டது. கிடங்குக்காரர் மேசையைத் தட்டினார். தட்டச்சுக்காரி ஆனந்தத்தில் அழுதேவிட்டாள். அலுவலகப் பொறுப்பாளர் மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிரே இருந்த தொலைபேசியை முறைத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும், எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கூட்டாட்சி வேண்டும் என்று பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தில் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். கேட்டது கிடைத்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ரகம் என்று அவளை நினைத்துவிட வேண்டாம். காரணம் இருந்தது. அந்தக் காரணம் நானூறு மைல் தள்ளி, தலைநகரத்தில், கல்வி அமைச்சின் மூன்றாம் மாடியில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அது கைபேசியெல்லாம் வராத காலம். மாகாணத்தில் இருநூறு பள்ளிக்கூடங்கள். எதில் என்ன உடைந்தாலும் இவள் அலுவலகம்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒரு கூரையில் ஓடு உடைந்திருப்பதை இங்கே பத்துப் பேர் கண்ணால் பார்த்தாலும் போதாது. தலைநகரம் அதைக் காதால் கேட்டு ஓர் ஒப்புதல் எண் கொடுக்க வேண்டும். எண் வந்தால்தான் கிடங்கின் கதவு திறக்கும். அதனால் தினமும் காலை பத்தரைக்கு அவள் பட்டியலோடு தொலைபேசியை எடுப்பாள்.

"வணக்கம், மாகாணம் பேசறேன்."

"தலைநகரம்தான். சொல்லுங்க."

முதல் வருஷம் அது வெறும் அலுவலகப் பேச்சாக இருந்தது. இரண்டாம் வருஷம் அதுவே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. அவர் அவளை மாகாணம் என்றார். அவள் அவரைத் தலைநகரம் என்றாள்.

"என்ன மாகாணம், குரல் கம்முது? சளியா?"

"ஏன், அதுக்கும் நம்பர் குடுக்கப் போறீங்களா?"

"குறிச்சுக்கோங்க. ரெண்டு நாளைக்கு வெந்நீர் குடிக்க ஒப்புதல்."

இப்படித்தான் போகும். பட்டியல் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பேச்சு அரை மணி ஓடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனார். இரண்டு வாரம் வேறு யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டே எண் கொடுத்தான். அவர் திரும்பி வந்த நாள், பட்டியலில் இருந்த முப்பத்திரண்டு இனங்களுக்கும் எண்ணைச் சொல்லி முடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஃபோனை வைக்கவும் இல்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. பட்டியலை மறுபடி முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகப் படித்தாள். கதவு இரண்டு, கரும்பலகை ஒன்று, பெஞ்சுக் கால் நான்கு. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பார்த்ததே இல்லை, ஒருவரை ஒருவர். அவள் தலைநகரம் போகவேண்டுமென்றால் அதற்கும் தலைநகரத்தின் அனுமதி வேண்டும். படிவத்தில் "பயணத்தின் காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நாற்பத்தாறு வயதுப் பொறுப்பாளர் அந்தக் கட்டத்தில் என்னவென்று எழுதுவாள்? அவராலும் அவளைக் கூப்பிட முடியாது. அவர் வேலை பார்த்த ஒப்புதல் பிரிவின் தொலைபேசியில் அழைப்பு உள்ளே வரும், வெளியே போகாது. கேட்பது மாகாணத்தின் வேலை, கொடுப்பது தலைநகரத்தின் வேலை என்று கம்பியிலேயே விதி போட்டிருந்தார்கள் மகராசர்கள்.

சண்டையும் வந்தது ஒரு தடவை, பலத்த சண்டை. நாடு முழுக்கப் பள்ளி மணி எட்டுக்கு அடிக்கவேண்டும் என்பது உத்தரவு. மலைக் கிராமங்களுக்கு முதல் பேருந்து வருவதே எட்டு இருபதுக்கு. தினமும் நாற்பது ஐம்பது பிள்ளைகள் தாமதம் என்று பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் அவரை நச்சரித்து, அவர் மேலே போய் நச்சரித்து, மலைப் பள்ளிகளுக்கு மட்டும் எட்டே முக்கால் என்று விலக்கு வாங்கினார்கள். இரண்டு வருஷம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு புதுச் செயலாளர் வந்தார். ஒரே வரிக் கடிதம். விலக்கு ரத்து.

"என் கையில இல்ல, மாகாணம்."

"உங்க கையில இல்ல, என் கையிலயும் இல்ல. அப்ப யார் கையிலதான் இருக்கு? பஸ் டிரைவர் கையிலயா?"

நான்கு நாள் அவள் பட்டியலைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே தயங்கித் தயங்கி, "நீங்க திட்டாம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். உடனே பிடித்தாள் பாருங்கள், பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு வந்தது.

இப்போது புரிந்திருக்கும். கூட்டாட்சி வந்தால் மணி அடிக்கும் நேரத்தை மாகாணமே வைத்துக்கொள்ளும். கூரை ஓட்டுக்கும் ஆணிக்கும் யாரையும் கேட்கவேண்டாம். பத்தரை மணிக்கு யாருக்கும் ஃபோன் செய்யவும் வேண்டாம்.

மாற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எல்லாருக்கும் விளக்கம் சொல்ல ஒரு பயிற்சியாளர் அம்மா வந்தார். கிடங்குக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்கினார். "அம்மா, பள்ளிக்கூட ரிப்பேர் இப்பவும் நாங்கதானே பாக்கறோம்? புதுசா என்னத்தைக் குடுக்கறாங்க?"

"ஐயா, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை நீங்க தினம் ஓட்டறீங்கன்னு வெச்சுக்கோங்க. மிதிக்கறது நீங்கதான். ஆனா நாளைக்கு அவர் வந்து குடுன்னா குடுத்துத்தானே ஆகணும்? அதுதான் ஒற்றையாட்சி. மாகாணத்துக்கு அதிகாரம் இருக்கும், சில நாட்டுல நிறையவே இருக்கும். ஆனா எல்லாம் தலைநகரம் பாத்துக் குடுத்தது. குடுத்தவங்களே திருப்பி எடுத்துக்கலாம். கூட்டாட்சியில சைக்கிள் உங்க பேர்ல இருக்கு. எது அவங்களுது, எது உங்களுதுன்னு அரசமைப்புச் சட்டத்துலயே எழுதியாச்சு. அவங்க தனியா மாத்த முடியாது, நீங்களும் தனியா மாத்த முடியாது."

"சண்டை வந்தா?"

"நீதிமன்றம் இருக்கு. வரும், வராம இருக்காது. ஒற்றையாட்சியிலயும் நல்லது இல்லாம இல்ல. ஒரே தலை, குழப்பம் கிடையாது, சட்டுனு காரியம் நடக்கும், நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கும்."

"ஒரே மாதிரி எட்டு மணிக்கு," என்று பின்வரிசையிலிருந்து பொறுப்பாளர் முணுமுணுத்தாள். அவளுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. நியாயம் என்று மனசு சொன்னது. அந்த மனசே வலிக்கவும் செய்தது. என்ன ஜென்மமோ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கடைசி நாள் பட்டியலில் இருந்தது ஐந்தே இனம். அவள் அங்கே இங்கே தேடிப் பத்தொன்பது ஆக்கினாள்.

"பதினெட்டாவது, ஆணி."

"எத்தனை கிலோ?"

"கிலோ இல்ல. ஒண்ணு."

"ஆணி ஒண்ணு. ஒப்புதல்," என்றார். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு, "நாளையிலேருந்து இந்தப் பிரிவு கிடையாது, மாகாணம். என்னை ஆவண அறையில போட்டிருக்காங்க. அங்க ஃபோன் இல்ல."

வீட்டு எண்ணைக் கேட்டிருக்கலாம். பதினோரு வருஷம் ஆணி, ஓடு, கதவு என்று எல்லாவற்றையும் கேட்ட வாய்க்கு அந்த ஒன்றைக் கேட்க வரவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க," என்றாள். "நீங்களும்," என்றார். வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியது. அவளே தாளை எடுத்தாள், அவளே கையெழுத்துப் போட்டாள். கிடங்குக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்க மேடம்?"

"இனிமே நம்பர் கிடையாது. நான் சொன்னா போதும்."

"நீங்க சொன்னா போதும், சரி. நம்பர் இல்லாம தகரத்தை எப்படித் தூக்கிக் குடுக்கறது? முப்பது வருஷமா குடுத்ததில்லையே."

தலையில் அடித்துக்கொண்டு, மேலே கொட்டை எழுத்தில் "1" என்று எழுதிக் கொடுத்தாள். மனுஷர் அதைப் பரம திருப்தியோடு பதிவேட்டில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்.

இரண்டாம் எண் மலைப் பள்ளிகளுக்கு. எட்டே முக்கால். அதிலும் அவளே கையெழுத்துப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை, இனி எந்தச் செயலாளரும் ஒரு வரி எழுதிப் பிடுங்க முடியாது. எழுந்து நின்று சிரித்தாள். இதைச் சொன்னால் குதித்துவிடக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். தன்னை அறியாமல் எண்களைச் சுழற்றினாள். அப்படி ஓர் இணைப்பே இல்லை என்று இயந்திரக் குரல் சொன்னது. உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் தம்பியும் தம்பி மனைவியும் அவளுடன்தான் இருந்தார்கள். தம்பி மனைவி கண்கொத்திப் பாம்பு. எதையும் மறைக்க முடியாது.

"அண்ணி, அமைச்சுக்கு ஒரு லெட்டர் போட்டா அவர் இருக்கற இடத்துக்குப் போய்ச் சேராதா? எழுதினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"பதினோரு வருஷம் நான்தான் கூப்பிட்டேன். ஒரு தடவையாவது அங்கேருந்து வரட்டும்."

"அங்கேருந்து வரலன்னா?"

"வரலன்னா போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த பன்னிரண்டு நாளும் பத்தரை மணிக்கு அலுவலகமே அவளிடம் பேசப் பயந்தது. நான் கேட்டதுதானே, நான் கேட்டதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோப்புகளை மேசையில் அறைந்தாள்.

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, தலைநகரத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. புதுச் சட்டப்படி, மத்தியப் பணியில் இருப்பவர் யாராவது மாகாணப் பணிக்கு வர விரும்பினால், மாகாணம் சம்மதிக்க வேண்டும். முன்போல அங்கிருந்து தூக்கிப் போட்டுவிட முடியாது. அப்படி ஒரு விண்ணப்பம்தான் அது. தலைநகரம் முதல்முதலாக மாகாணத்தைக் கேட்கிறது. விண்ணப்பதாரர், கலைக்கப்பட்ட ஒப்புதல் பிரிவின் அலுவலர், வயது ஐம்பத்திரண்டு. கேட்கும் பதவி, பள்ளிப் பராமரிப்பு அலுவலகத்தில் பொறுப்பாளரின் உதவியாளர். காரணம் என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று இரண்டே சொல். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அவர் எழுத்தை அவள் பார்த்ததே இல்லை. எண்களைக் காதால் மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்துவிட்டார்! துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தவள் அப்படியே வாயைப் பிளந்தாள். தாளின் வலது மூலையில், சிவப்பு மையில், ஒரு பழைய பாணி ஒப்புதல் எண். பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம். மனுஷர் கைப்பழக்கத்தில் தன் விண்ணப்பத்துக்குத் தானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிவிட்டார்!

கிடங்குக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதுல நம்பர் இருக்கே மேடம்! அப்புறம் என்ன, செல்லும்."

வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், மெதுவாகக் கோபம் ஏறியது. மறுபடி அந்தப் பதவியின் பெயரைப் படித்தாள். உதவியாளர். அவருடைய பதவிக்கு இரண்டு படி கீழே. இனிமேல் தினமும் அவர் எதிரே நின்று பட்டியல் படிப்பார். இவள் "ஒப்புதல்" என்பாள். அதே நாடகம், வேஷம் மட்டும் இடம் மாறும். ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே ஆள் கிளம்பி வந்துவிடுவார். போடாவிட்டால், பாவம், வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த ஆவண அறைக்குள்ளேயே ஒடுங்கிவிடுவார். அப்படிப்பட்ட சுபாவம் அவருக்கு. அன்று முழுக்கக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுத் தொலைங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "வரட்டும்னு சொன்னீங்க, வந்துட்டாரு. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய் எழுதினாள்: எண் 41. மாகாணம் சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு, விண்ணப்பத்தின் அடியில் இருந்த வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தன் கையில் குறித்துக்கொண்டாள்.

அலுவலகத் தொலைபேசியில் பேசக்கூடாது. இது அலுவலகக் காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பின்னால் வெளியே மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"ஹலோ?" என்றது குரல்.

வணக்கம் என்று தொடங்க வாய் வரவில்லை. "நான்தான்," என்றாள்.

"மாகாணம்!" ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. "வந்துச்சா? என் விண்ணப்பம் வந்துச்சா? எப்ப வந்து சேரணும்?"

"சேர வேண்டாம். மறுத்துட்டேன். நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு."

"சரி," என்றார். "உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. ஏன்னு கேக்கறது முறையில்ல."

"கேளுங்களேன்!"

"ஏன்?"

"முதல்ல, மூலையில சிவப்பு மையில அது என்ன?"

"எது? மூலையிலயா?" யோசித்தார். "ஐயையோ! போட்டுட்டேனா? சத்தியமா கவனிக்கல, மாகாணம். தாளைப் பாத்தா கை தானாப் போகுது..."

"எங்கிட்ட வர்றதுக்கும் நீங்களே முடிவு பண்ணி, நீங்களே ஒப்புதலும் குடுத்தாச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கத்தானே விண்ணப்பம் போட்டேன்."

"அது என் அலுவலகத்தைக் கேட்டது. என்னை எங்க கேட்டீங்க?"

வெளியே நின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது, அந்த வேலை எனக்குக் கீழ. பதினோரு வருஷம் எனக்கு மேல ஒருத்தரை வெச்சுக்கிட்டு நான் பட்டது போதும். இப்ப அதே ஆளை எனக்குக் கீழ உக்கார வெச்சு அதிகாரம் பண்ண எனக்குப் பிடிக்கல. எனக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"அப்ப நான் எங்கதான் இருக்கறது?" குரல் சின்னப் பிள்ளையுடையது போல வந்தது.

"எங்க எதிர்க் கட்டடம் நீர்வழங்கல் துறை. உங்க பதவியிலேயே ஓர் இடம் காலியா இருக்கு. சம்மதம் சொல்ல வேண்டியது அவங்க. நான் மூக்கை நுழைக்க முடியாது. நாளைக்கே எழுதிப் போடுங்க. சிவப்புப் பேனாவை வீட்டை விட்டு வெளியில எறிஞ்சுட்டு எழுதுங்க."

"எறிஞ்சுடறேன். அவங்களும் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"வேலை இல்லாமலேயே வாங்க."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வந்து எங்க தங்கறது, மாகாணம்?"

"வீடு பாக்கணும். நான் தனியா முடிவு பண்ண மாட்டேன். நீங்களும் வந்து பாத்து, ரெண்டு பேருக்கும் பிடிச்சாத்தான்."

கண்ணாடியைத் தட்டியவர் இப்போது கதவையே திறந்துவிட்டார். "எவ்வளவு நேரம்மா? பின்னாடி ஆள் நிக்கிறது தெரியலையா?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருங்கய்யா! கல்யாணம் பேசிக்கிட்டிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ரிசீவர் காதிலேயே இருந்தது. தெருவில் நின்ற மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"மாகாணம்," என்றது காதருகே குரல். "அந்த ஆள்கிட்ட இப்ப என்ன சொன்னீங்க?"

"காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு. எனக்குச் சம்மதம்." பிறகு, இலக்கங்களைச் சொல்வதைவிட மெதுவாக, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

பதினோரு வருஷத்தில் அந்தக் குரல் அவளிடம் ஒரு தடவைகூடச் சம்மதம் கேட்டதில்லை. பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டக்கூடியவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அவள் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது.

"சரின்னு சொல்லுங்கம்மா," என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு. "நாங்க இருக்கோம், மெதுவாச் சொல்லுங்க."

சொன்னாள்.